மார்ச் 10க்கு ஒரு சட்டம் வேணும்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவைல இருக்குற 39 பேருக்கும் மாநிலங்களவைல இருக்குற 18 பேருக்கும்,

இந்த மார்ச் 10ஆம் தேதி சாயங்காலத்துக்கு கோயம்புத்தூர்ல ஒரு சின்ன ஹால் எடுத்திருந்தோம். நாப்பது பேர் உட்கார்ற அளவு தான், மைக் கூட வேண்டாம்னு சொல்லிட்டோம். நாலு பேர் பேசறது, அரை மணி நேரம் பழைய போட்டோ எல்லாம் போட்டு காட்டறது, அப்புறம் டீ, போண்டா, அவ்ளோ தான் ப்ரோக்ராம். 1959 மார்ச் 10 அன்னைக்கு, திபெத் தலைநகர் லாசால சீன ராணுவத்துக்கு எதிரா சனங்க திரண்டப்போ, என்ன நடந்துச்சுன்னு நம்ம ஊர் ஆளுங்க நாலு பேருக்காவது சொல்லணும்னு ஆசை. மத்தியானம் மூணு மணிக்கு ஹால்காரர் போன் பண்ணி "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க, இன்னைக்கு வேண்டாம், அட்வான்ஸ திருப்பி குடுத்துடறேன்"னார். ஏன்ணேன்னு கேட்டா "ஒரு போன் வந்துச்சு"ன்னு மட்டும் சொன்னார். யார் பண்ணது, என்ன சொன்னாங்க, எதுக்கும் பதில் இல்ல. அவர் மேல எனக்கு கோவம் இல்லீங்க, அவரும் பொழப்ப பாக்கணும். போண்டா ஆர்டரை தான் கேன்சல் பண்ண முடியல, பூட்டுன கேட்டுக்கு வெளிய நின்னு ஆளுக்கு மூணு சாப்பிட்டு கலைஞ்சோம்.

இதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்கள்ல ஒருத்தருக்கு (பேர் வேண்டாம்) ரெஜிஸ்டர் தபால்ல ஒரு மனு அனுப்பியிருந்தேன். ஒப்புகை அட்டை வந்துச்சு, பதில் வரல. ஆபீஸுக்கு போன் பண்ணா பி.ஏ. ரொம்ப மரியாதையா தான் பேசினார், "சார், இது வெளியுறவு மேட்டர், நாம தலையிட முடியாது, ரோடு, ரயில்வே கேட் மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க, உடனே பண்ணிடலாம்"னார். இந்த பதில் தான் என்னை இத எழுத வச்சுது. ஒருத்தருக்கு தனியா எழுதினா பி.ஏ.வோட நின்னுடுது, அதனால 57 பேருக்கும் சேர்த்து எல்லாரும் பாக்கற மாதிரியே எழுதறேன்.

கேட்கறது இது தான். மார்ச் 10ஐ, ஆக்கிரமிக்கப்பட்ட தேசங்களோட விடுதலைக்கான நினைவு நாளா, இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அறிவிக்கணும். அரசாணை வேண்டாம், ட்வீட் வேண்டாம், வாழ்த்துச் செய்தி வேண்டாம், சட்டம் தான் வேணும். ஏன் இப்படி பிடிவாதமா சட்டம்னு கேக்கறேன்னு புரியணும்னா எங்க வீட்ல இருந்து தான் ஆரம்பிக்கணும்.

நான் சின்ன பையனா இருக்கறப்போ தீபாவளி முடிஞ்ச உடனே எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மைதானத்துல தகர ஷெட் போட்டு ஸ்வெட்டர் கடை வரிசையா வந்துடும். "ஃபிக்ஸட் ரேட்"னு ஒரு அட்டை தொங்கும், எங்கம்மா அந்த அட்டைய மதிச்சதே இல்ல, கால் மணி நேரம் பேரம் பேசி கடைசில அதே விலைக்கு தான் வாங்கிட்டு வருவாங்க. எங்க தெருவே அத "நேபாளி கடை"ன்னு தான் சொல்லும், நானும் அப்படி தான் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு கடைக்கார அம்மா எங்கம்மாவுக்கு ரொம்ப பழக்கம், எங்கம்மாவுக்கு அவங்க "ஸ்வெட்டர்காரம்மா", அவங்களுக்கு எங்கம்மா "அக்கா". வெலை எல்லாம் நல்ல தமிழ்ல சொல்லுவாங்க, திட்டறது மட்டும் கன்னடத்துல. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கறப்போ ஒரு நாள் நான் கேட்டேன், உங்க ஊர் நேபாளத்துல எங்கன்னு. "நேபாளம் இல்ல கண்ணு, பைலகுப்பே"ன்னாங்க. அது மைசூர் பக்கம், குஷால்நகர் போற வழி, அது கர்நாடகா தானேன்னேன். ஆமான்னாங்க. அப்போ நீங்க கன்னடமான்னேன். சிரிச்சாங்க, பதில் சொல்லல. எங்கம்மா தான் வர்ற வழில சொன்னாங்க, அவங்களுக்கு ஒரு ஊர் இருந்துச்சு, பிடுங்கிட்டாங்கன்னு.

அந்தம்மா பொறந்ததே பைலகுப்பேல தான். அவங்க அப்பா 1959ல திபெத்ல இருந்து பனில நடந்து வந்தவர். தலாய் லாமா பின்னாடி அந்த காலத்துல வந்தவங்க சுமார் 80,000 பேர். அன்னைக்கு இருந்த மைசூர் மாநில அரசு பைலகுப்பேல சுமார் 3,000 ஏக்கர் காடு குடுத்துச்சு, வந்தவங்க மரம் வெட்டி, யானைக்கு பயந்து, இந்த ஊர் வெயில் ஒத்துக்காம செத்தும் போய், மிச்சம் இருந்தவங்க தான் சோளம் போட்டு அந்த இடத்தை ஊராக்கினாங்க. சோளத்துல வர்ற காசு பத்தாதுன்னு தான் லூதியானா போய் ஸ்வெட்டர் எடுத்துட்டு குளிர் காலத்துல ஊர் ஊரா வந்து வித்தாங்க. கோவை, ஊட்டி, சேலம், திருச்சி, சென்னைன்னு உங்க தொகுதிகள்ல முக்காவாசி இடத்துல அவங்க கடை இருந்திருக்கும். குளிரே இல்லாத சென்னைல யார் ஸ்வெட்டர் வாங்கினாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல, ஆனா வாங்கினாங்க.

அந்தம்மாவோட சின்ன பையன் பின்னாடி சென்னைல டிகிரி படிச்சான். அவன் பேரையும் காலேஜ் பேரையும் இங்க போடல. இங்கயே பொறந்து வளர்ந்தும் அவனுக்கு ஆர்.சி.ன்னு ஒரு பதிவுச் சான்றிதழ் உண்டு, அத ரின்யூ பண்ண அவன் ஒரு மேஜை முன்னாடி போய் நிக்கணும், எதுக்கு வம்பு. வெளிநாடு போகணும்னா பாஸ்போர்ட் கிடையாது, ஐ.சி.ன்னு, அதாவது அடையாளச் சான்றிதழ்னு, மஞ்ச அட்டை போட்ட ஒரு புக்கு. நம்ம ஊர் மறுவாழ்வு முகாம்ல இருக்குற ஈழத்து பிள்ளைங்களுக்கு காகிதம்னா என்ன பயம்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, அதே பயம் தான் இவனுக்கும்.

2019 அக்டோபர்ல சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. கோட்டக்குப்பம் பக்கம் டென்சின் சுண்டுவேய பிடிச்சு உள்ள வச்சாங்க, சென்னை லயோலா காலேஜ்ல படிச்ச திபெத்திய கவிஞர் அவர். தாம்பரம் பக்கம் திபெத்திய மாணவர்களை ரூம்ல இருந்து கூட்டிட்டு போனாங்க. சீன அதிபர் தங்கின கிண்டி ஹோட்டல் முன்னாடி கொடி பிடிச்சவங்களையும் வண்டில ஏத்தினாங்க. இது எல்லாம் பேப்பர்ல வந்தது தான். எங்க பையன் எந்த போராட்டத்துக்கும் போற ஆள் கிடையாது, அவனுக்கு கிரிக்கெட் தான் உலகம். ஆனா அவன் ஹாஸ்டலுக்கு வந்து "உங்கள்ல திபெத் பசங்க யாரு"ன்னு லிஸ்ட் எடுத்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே ஒரு பையோட வேளச்சேரில என் ரூமுக்கு வந்துட்டான். மூணு நாள் வெளிய கால் வைக்கல. டிவில நம்ம பிரதமர் வேட்டி கட்டிட்டு சீன அதிபரோட இளநி குடிக்கறதை லைவ்வா காட்டிட்டு இருந்தாங்க, இவன் தரைல உட்கார்ந்து பாத்துட்டு "அண்ணா, அவருக்கு இளநி, எனக்கு கேன் தண்ணி"ன்னான். நானும் சிரிச்சேன். ஆனா அந்த மூணு நாளும் காலிங் பெல் அடிச்சா அவன் பாத்ரூமுக்குள்ள போனதை நான் மறக்கல. பொறந்ததுல இருந்து இந்தியாவை விட்டு வெளிய போகாத பையன், என் ரூம்ல, தமிழ்நாட்டுல, பால்காரருக்கு பயந்து ஒளியறான். உங்கள்ல ஒருத்தராவது அன்னைக்கு அதை பத்தி வாய் திறந்தீங்களான்னு தேடி பாத்தேன், எனக்கு எதுவும் கிடைக்கல. தப்பா இருந்தா காட்டுங்க, திருத்திக்கறேன்.

இப்ப சட்டம் ஏன்ங்கிறதுக்கு வர்றேன். 2018ல, தலாய் லாமா இந்தியா வந்து 60வது வருஷம் ஆரம்பிக்குதுன்னு திபெத்தியர்கள் "நன்றி இந்தியா"ன்னு டெல்லில விழா எடுக்க ஏற்பாடு பண்ணாங்க. நம்மள திட்டறதுக்கு இல்ல, நன்றி சொல்றதுக்கு. அந்த பிப்ரவரில வெளியுறவுச் செயலர் ஒரு குறிப்பு எழுதினார், அத வச்சு கேபினட் செயலர் அதிகாரிகளுக்கும் தலைவர்களுக்கும் அந்த விழா பக்கம் போகாதீங்கன்னு சொல்லிட்டார், விழாவையே தரம்சாலாவுக்கு மாத்த வேண்டியதா போச்சு. ஒரே ஒரு குறிப்பு. நாடாளுமன்றத்துல விவாதம் இல்ல, ஓட்டெடுப்பு இல்ல. 2020ல லடாக் எல்லைல சீன ராணுவத்தோட கல்வான் சண்டை வந்த பின்னாடி காத்து திரும்பிடுச்சு. ஆகஸ்ட் கடைசில பாங்காங் ஏரி பக்கம் கண்ணிவெடில நீமா டென்சின்னு ஒரு திபெத்திய வீரர் செத்தார். 1962ல சீனப் போர் நடந்துட்டு இருக்கறப்போவே திபெத்தியர்களை வச்சு ஆரம்பிச்ச சிறப்பு எல்லைப் படைல இருந்தவர், அந்த படை 1971 போர்ல சிட்டகாங் மலைல சண்டை போட்டது. லே நகரத்துல நடந்த அவர் இறுதிச் சடங்குக்கு ஆளுங்கட்சியோட பெரிய தலைவர் ஒருத்தர் போய் மலர் வச்சார், இந்தியக் கொடியும் திபெத் கொடியும் ஒண்ணா இருந்துச்சு, அத ட்வீட்டும் போட்டார், அப்புறம் அந்த ட்வீட்டை அழிச்சுட்டார். செத்தவரோட மரியாதை ஒரு டிலீட் பட்டன்ல தொங்குது. சீனா கூட உறவு கெட்டா திபெத்தியன் வீரன், உறவு சரியானா திபெத்தியன் தொந்தரவு. 66 வருஷத்துக்கு மேல இந்த ஊஞ்சல்ல தான் அவங்க உட்கார்ந்திருக்காங்க. ஊஞ்சலை நிறுத்தறதுக்கு தான் சட்டம்.

அரசாணை போதாதான்னு கேப்பீங்க. நவம்பர் 26 அரசியலமைப்பு நாள்னு 2015ல அரசாங்கம் அறிவிப்பு போட்டுது, எமர்ஜென்சி வந்த ஜூன் 25க்கு 2024ல ஒரு பேர் வச்சு கெஜட்ல போட்டுது. ஒரு அரசாங்கம் போட்டதை இன்னொரு அரசாங்கம் ஒரு வரில தூக்கிடலாம். உள்ளூர் அரசியல் நாளுக்கு அது ஓகே, எவனும் பக்கத்து நாட்ல இருந்து போன் பண்ணி மிரட்ட மாட்டான். மார்ச் 10க்கு மிரட்டுவான். 2021 டிசம்பர்ல, புலம்பெயர்ந்த திபெத் நாடாளுமன்றம் டெல்லில குடுத்த ஒரு விருந்துக்கு நம்ம எம்.பி.க்கள் சிலர் போனதுக்கே சீனத் தூதரகம் அவங்களுக்கு அதிருப்தி கடிதம் அனுப்புச்சு. சாப்பாட்டுக்கு போனதுக்கு! நம்ம ஓட்டுல ஜெயிச்சவங்களுக்கு இன்னொரு நாட்டு தூதரகம் மெமோ குடுக்குது, அதுக்கு மேலயும் இது "நம்ம மேட்டர் இல்ல"ன்னா எனக்கு புரியல.

இன்னொரு விஷயம், இது தான் எனக்கு ரொம்ப உறுத்துது. இந்த விஷயத்துல ஒரு நாளை சட்டமாக்கின தரப்பு ஏற்கனவே இருக்கு, அது சீனா. 2009 ஜனவரில லாசால இருக்குற அவங்களோட மக்கள் காங்கிரஸ், அதாவது திபெத் பகுதிக்கான சீன சட்டமன்றம், மார்ச் 28ஐ "பண்ணையடிமைகள் விடுதலை நாள்"னு தீர்மானம் போட்டு நிறைவேத்தி வச்சிருக்கு. 1959 மார்ச் 28ல தான் பெய்ஜிங் திபெத் அரசாங்கத்தை கலைச்சுது. அதாவது வீட்டை பிடுங்கின நாளை வீட்டுக்காரனுக்கு விடுதலை கிடைச்ச நாள்னு சொல்லி, அவனையே வருஷா வருஷம் கொடி ஏத்த வைக்கறாங்க. பழைய திபெத் ஒண்ணும் சொர்க்கம் இல்ல, மடங்களும் பிரபுக்களும் நிலத்தை வச்சுக்கிட்டு சனங்களை வேலை வாங்கினது உண்மை தான், பெரியார் மண்ல இருந்துட்டு அத நான் மறைக்கப் போறதில்ல. ஆனா மார்ச் 10 அன்னைக்கு தலாய் லாமா இருந்த நோர்புலிங்கா அரண்மனைய சுத்தி வந்து நின்னது அந்த சனங்க தான். அவரை சீன ராணுவ முகாம்ல ஒரு கலை நிகழ்ச்சி பாக்க கூப்பிட்டு, ஆயுதம் வச்ச மெய்க்காவலர் இல்லாம வரணும்னு சொன்னதும், கடத்திட்டு போயிடுவாங்கன்னு பயந்து ஆயிரக்கணக்குல வந்து வழிய மறிச்சாங்க. 17ஆம் தேதி ராத்திரி அவர் சாதாரண சிப்பாய் டிரஸ்ல வெளிய போனார், 31ஆம் தேதி இந்திய எல்லைக்குள்ள வந்தார். அவர் போனது தெரியாமலே 20ஆம் தேதி அந்த அரண்மனை மேல ஷெல் அடிச்சாங்க. அந்த கூட்டத்துல செத்தவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு எந்த நாட்டு காலண்டர்லயும் சட்டப்படி ஒரு நாள் கிடையாது, அவங்க மேல ஷெல் அடிச்சவங்களுக்கு இருக்கு.

இப்படி நாள் வச்சு சட்டம் போடறது புதுசு ஒண்ணும் இல்ல. 1959 ஜூலைல அமெரிக்க காங்கிரஸ் சிறைப்பட்ட தேசங்கள் வாரம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, அதிபர் ஐசனோவர் கையெழுத்து போட்டார், ஜூலை மூணாவது வாரம். பொதுச் சட்டம் 86-90. லாசா விழுந்து நாலு மாசம் கூட ஆகல, அதுல 22 தேசத்தோட பேர் போட்டிருக்காங்க, திபெத்தும் இருக்கு. எல்லா தேசத்துக்கும் விடுதலை கிடைக்கற வரைக்கும் வருஷா வருஷம் அதிபர் அறிவிப்பு வெளியிடணும்னு எழுதி வச்சுட்டாங்க, அதனால எந்த கட்சி வந்தாலும் எந்த அதிபர் வந்தாலும் இன்னைக்கு வரைக்கும் அறிவிப்பு வருது. அது வெறும் காகிதம் தானேன்னா, அந்த வாரம் மாஸ்கோ போன அமெரிக்க துணை அதிபர் நிக்சனை சோவியத் தலைவர் குருஷேவ் அந்த காகிதத்துக்காக தான் பிடிபிடின்னு பிடிச்சார். வெறும் காகிதத்துக்கு எவனாவது அவ்ளோ கத்துவானா.

ஆனா அந்த சட்டத்தோட ஓட்டையும் சொல்லிடறேன், நாம அதே தப்பை பண்ணக்கூடாது. கம்யூனிஸ்ட் நாடு பிடிச்சு வச்ச தேசம் மட்டும் தான் அதுல தேசம். 1959ல அல்ஜீரியா பிரான்ஸ் கைல, அங்கோலா போர்ச்சுகல் கைல, நம்ம கோவாவே போர்ச்சுகல் கைல, ஒண்ணும் அந்த லிஸ்ட்ல இல்ல, ஏன்னா அவங்க எல்லாம் கூட்டாளிங்க. அதோட லிஸ்ட்டை அப்படியே உறைய வச்சுட்டாங்க, போலந்து, ஹங்கேரி எல்லாம் எப்பவோ சுதந்திரமாகி தேர்தல் நடத்திட்டு இருக்கு, சட்டத்துல இன்னும் சிறைல இருக்கு. எதிரி பிடிச்சா ஆக்கிரமிப்பு, நண்பன் பிடிச்சா பாதுகாப்புன்னு நாமளும் எழுதினா அந்த நாளுக்கு ஒரு மரியாதையும் இருக்காது.

எனக்கு பிடிச்ச உதாரணம் பால்டிக் நாடுகள் தான். 1940ல சோவியத் யூனியன் தலைவர் ஸ்டாலின் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூணையும் முழுங்கினார், அமெரிக்கா அந்த ஜூலைலயே அத அங்கீகரிக்க மாட்டோம்னு சொல்லிட்டு அம்பது வருஷம் அந்த வார்த்தைல நின்னுச்சு. 1941 ஜூன் 14ல அந்த மூணு நாட்ல இருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மாட்டு வேகன்ல ஏத்தி சைபீரியாவுக்கு அனுப்பினாங்க. அந்த தேதிய 1982ல பால்டிக் விடுதலை நாள்னு அமெரிக்க காங்கிரஸ் தீர்மானம் போட்டு, அதிபர் ரீகன் கையெழுத்து போட்டார். அது ஒரு வருஷத்துக்கு மட்டும் தான் செல்லும், அதனால ஒவ்வொரு வருஷமும் அங்க இருந்த லித்துவேனிய, லாட்விய, எஸ்டோனிய ஆளுங்க திரும்ப திரும்ப உறுப்பினர் வீட்டு கதவை தட்டி தீர்மானம் வாங்கினாங்க. அன்னைக்கு யாரை கேட்டாலும் சோவியத் யூனியன் நூறு வருஷம் நிக்கும்னு தான் சொல்லியிருப்பாங்க, ஒன்பது வருஷத்துல மூணும் தனி நாடு. ஒரு நினைவு நாள் போட்டதால சோவியத் உடைஞ்சுதுன்னு சொல்ற அளவுக்கு நான் முட்டாள் இல்ல. ஆனா உடையறப்போ, இவங்க புதுசா பிரியற மாகாணம் இல்ல, பிடுங்கப்பட்ட நாடுன்னு உலகத்துக்கு யாரும் புதுசா விளக்க வேண்டியதா இல்ல.

சரி, இந்தியா 2003லயே திபெத் சீனாவோட பகுதின்னு ஒத்துக்கிச்சே, இப்ப எப்படி நாள் கொண்டாடறதுன்னு கேப்பீங்க. நினைவு நாள் வைக்கறதால அங்கீகாரம் மாறாது, அது வேற, இது வேற. அதுக்கும் மேல, நம்ம அருணாச்சல எல்லை எதுல நிக்குது? 1914 சிம்லா மாநாட்ல வரைஞ்ச மக்மோகன் கோட்டுல. அந்த கோட்டுக்கு பிரிட்டிஷ் இந்தியா கூட ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டது திபெத் அரசாங்கத்தோட பிரதிநிதி, சீனா அத இன்னைக்கு வரைக்கும் ஏத்துக்கல, திபெத்துக்கு கையெழுத்து போடற உரிமையே கிடையாதுன்னு தான் சொல்லுது. அன்னைக்கு திபெத் தன் கையெழுத்தை தானே போடற நாடா இருந்துச்சுன்னா தான் நம்ம கோடு கோடு. அப்போ அந்த நாட்டை நினைக்கறது யாருக்கு லாபம்? கல்வான்ல செத்த இருபது பேர்ல ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 1950க்கு முன்னாடி அந்த மலைக்கு அந்தப்பக்கம் இன்னைக்கு மாதிரி சீன ராணுவம் நின்னதில்ல, அங்க இருந்தது ஆடு மேய்க்கற திபெத்தியன். ரோடு, ரயில்வே கேட் மட்டும் தான் தொகுதி மேட்டர்னு சொன்ன பி.ஏ.வுக்கு இத யாராவது சொல்லுங்க.

மொழி விஷயம் சொன்னா உங்களுக்கு இன்னும் சீக்கிரம் புரியும்னு நினைக்கறேன். டாஷி வாங்சுக்னு ஒரு கடைக்காரர், பள்ளிக்கூடத்துல திபெத்திய மொழி சொல்லித்தர மாட்டேங்கறாங்கன்னு ஒரு அமெரிக்க பத்திரிகை வீடியோல பேசினார், தனி நாடு கூட கேக்கல, சீன அரசியல் சட்டத்துல இருக்கறதை செய்யுங்கன்னு தான் கேட்டார். 2016 ஜனவரில பிடிச்சாங்க, அஞ்சு வருஷம் முழுசா உள்ள வச்சு 2021ல தான் விட்டாங்க. சுமார் பத்து லட்சம் திபெத்திய பிள்ளைங்களை வீட்டை விட்டு பிரிச்சு மாண்டரின்ங்கற சீன மொழில பாடம் நடத்தற உறைவிடப் பள்ளிகள்ல வச்சிருக்காங்கன்னு 2023ல ஐ.நா. நிபுணர்கள் சொன்னாங்க. தாய்மொழிக்காக 1965ல என்ன நடந்துச்சுன்னு மேடை மேடையா பேசறவங்க நீங்க. தலாய் லாமாவே கேக்கறது தனி நாடு இல்ல, சீனாவுக்குள்ளயே உண்மையான சுயாட்சி. அவங்கள்லயே இளைஞர்கள் பல பேர் அது பத்தாது, முழு விடுதலை வேணும்ங்கறாங்க, அது அவங்க வீட்டு சண்டை, நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஆனா மாநில சுயாட்சிங்கற வார்த்தைய தமிழ்நாட்டு எம்.பி. கிட்ட விளக்கணுமா என்ன.

தனி உறுப்பினர் மசோதா, அதாவது அமைச்சரா இல்லாத எம்.பி. கொண்டு வர்ற மசோதா, எங்க பாஸ் ஆகும்னு சலிச்சுக்காதீங்க. எனக்கும் கணக்கு தெரியும், சுதந்திரத்துக்கு அப்புறம் மொத்தமே 14 தான் சட்டமாச்சு, கடைசியா 1970ல. ஆனா 2015 ஏப்ரல்ல திருச்சி சிவா திருநங்கைகள் உரிமைக்கு கொண்டு வந்த மசோதா மாநிலங்களவைல நிறைவேறிச்சே, ஒரு சபைல தனி உறுப்பினர் மசோதா பாஸ் ஆனது பல வருஷத்துல அது தான் முதல் தடவை. மக்களவைல அது நிக்கல, சரி, ஆனா அதுக்கப்புறம் அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டு வர வேண்டியதாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி நேரம் உங்களுக்குன்னு ஒதுக்கி இருக்கு, பாதி பேர் ஏர்போர்ட்டுக்கு கிளம்பற நேரம் அதுன்னும் எல்லாருக்கும் தெரியும். வெளியுறவுல மாநிலம் பேசக்கூடாதுங்கறதும் எடுபடாது, 2013 மார்ச்ல ஈழத்துக்கு பொது வாக்கெடுப்பு வேணும்னு நம்ம சட்டமன்றமே தீர்மானம் போட்டிருக்கு.

நேரமும் அதிகம் இல்ல. 2025 ஜூலை 6ல தலாய் லாமாவுக்கு 90 முடிஞ்சுது. அடுத்த தலாய் லாமாவை நாங்க தான் ஒத்துக்கணும்னு பெய்ஜிங் இப்பவே சொல்லிட்டு இருக்கு. அவர் காலத்துக்கு அப்புறம், இந்த குழந்தை தான் அடுத்த தலாய் லாமான்னு ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு குழந்தைய காட்டப் போற நாள்ல, நம்ம நாடாளுமன்றம் அதுக்குன்னு எதையாவது எழுதி வச்சிருந்தா பேச்சு ஒரு மாதிரி போகும், இல்லாட்டி ஏதோ ஒரு செயலரோட குறிப்பு மட்டும் தான் பேசும். ஸ்வெட்டர்காரம்மா கடை போடறதை கொரோனாவோட நிறுத்திட்டாங்க, முட்டி வலி. பெரிய பையன் கனடா போயிட்டான், பைலகுப்பே செட்டில்மென்ட்ல பாதி வீடு பூட்டி கிடக்குதாம்.

இப்ப கோரிக்கை. உங்க 57 பேர்ல யாராவது ஒருத்தர், எந்த கட்சியா இருந்தாலும் சரி, அடுத்த கூட்டத்தொடர்லயே இந்த மசோதாவை தாக்கல் பண்ணுங்க. அதுல ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் யோசிச்சு முடிவு பண்ற மாதிரி வார்த்தை இருக்கக்கூடாது, மார்ச் 10 அன்னைக்கு சபாநாயகரும் மாநிலங்களவைத் தலைவரும் சபைல படிச்சே ஆகணும்னு இருக்கணும். சபை கூடாத நாளா இருந்தா அடுத்து கூடற நாள்ல. திபெத் பேர் முதல்ல வரட்டும், ஆனா லிஸ்ட்டை பூட்டாதீங்க, வேற தேசங்களை சேர்க்கவும் விடுதலையான தேசத்தை சந்தோஷமா எடுக்கவும் சபைக்கு வழி வைங்க, நமக்கு வேண்டப்பட்ட நாடு பிடிச்சு வச்சிருந்தாலும் சேர்க்கற மாதிரி. சுயாட்சியா விடுதலையாங்கறதை அந்த மக்களே முடிவு பண்ணட்டும்னு ஒரு வரி கண்டிப்பா வேணும்.

மசோதா வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது ரெண்டு இருக்கு. 2018 பிப்ரவரி குறிப்பு இன்னும் அமல்ல இருக்கா இல்லையான்னு சபைல எழுத்து மூலமா ஒரு கேள்வி கேளுங்க, அதுக்கு செலவு ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டு உள்துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்க, மார்ச் 10 அன்னைக்கு நாலு சுவத்துக்குள்ள அமைதியா நடக்கற கூட்டத்தை போன்ல நிறுத்தக்கூடாது, நிறுத்தறதா இருந்தா யார், எந்த சட்டத்துல நிறுத்தறாங்கன்னு எழுதி குடுக்கணும்னு. ஹாஸ்டல்ல போய் இன்னார் பசங்க யாருன்னு லிஸ்ட் எடுக்கறதுக்கும் அதே விதி.

இந்த மடல் உங்க எல்லாரோட ஆபீஸுக்கும் ரெஜிஸ்டர் தபால்ல வருது. ஒரு மாசம் டைம். செய்வேன், செய்ய மாட்டேன், ரெண்டுல ஒண்ணை உங்க கையெழுத்தோட எழுதுங்க, பி.ஏ. போன் வேண்டாம். அதே ஹாலை அடுத்த மார்ச் 10க்கு கேட்டிருக்கேன், ஹால்காரர் யோசிச்சு சொல்றேன்னார், எம்.பி. யாராவது வர்றாங்கன்னா குடுத்துடறேன்ங்கறார். சாயங்காலம் ஆறு மணி. உங்கள்ல ஒருத்தராவது வர்றேன்னு எழுதி குடுங்க, நான் அவர்கிட்ட காட்டணும்.